கட்டிலுக்கு அடியில் பதினோரு நாள்

காப்பகத்தில் மற்ற நாய்கள் எல்லாம் கம்பிக் கதவில் காலை வைத்துக் குரைத்துக்கொண்டிருக்க, இவள் மட்டும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பத்து மாதம் இருக்கும், ஆறு கிலோ. நம் ஊரில் எல்லோரும் பொமரேனியன் என்று சொல்கிற வெள்ளை நாய். சரியான பெயர் இந்தியன் ஸ்பிட்ஸ். குட்டியில் பொம்மை மாதிரி இருக்கிறதென்று வாங்குகிறார்கள், வீடெல்லாம் முடி கொட்டுகிறதென்று தெருவில் விட்டுவிடுகிறார்கள். இவளைத் தாம்பரம் பக்கம் ஒரு மேம்பாலத்துக்குக் கீழே எடுத்தார்களாம்.

தத்தெடுப்பு படிவமே இரண்டு பக்கம். வாடகை வீடா, ஓனருக்குச் சம்மதமா, ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள், கருத்தடை செய்துவிடுவீர்களா என்று வரிசையாகக் கேள்விகள். அப்புறம் ஒரு தன்னார்வலர் வீட்டுக்கே வந்தார். பால்கனிக் கம்பி இடைவெளியில் கையை விட்டுப் பார்த்து, "அண்ணா, இதுல இவ தலை போயிடும். வலை அடிச்சிட்டு போன் பண்ணுங்க" என்றார். பெண் கொடுப்பவர்கள்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டார்கள் என்று அம்மா முணுமுணுத்தாள். ஆனாலும் வலை அடித்தோம்.

காப்பகத்தில் அவளுக்கு வைத்த பெயர் பிங்கி. அம்மா வாயில் அது பிஞ்சு ஆகிவிட்டது.

வந்ததும் நேராகக் கட்டிலுக்கு அடியில் போனவள்தான். "நீங்களா கூப்பிடாதீங்க, கையை நீட்டாதீங்க" என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். எனக்குத்தான் பொறுமை இல்லை. மூன்றாம் நாள் முன்னங்காலைப் பிடித்து மெதுவாக இழுத்தேன். கடிக்கவில்லை, உறுமவும் இல்லை. உடம்பு விறைத்து, இருந்த இடத்திலேயே மூத்திரம் போய்விட்டாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் தட்டைத் தொடவில்லை. கடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

இதற்கு நடுவில் ரத்தப் பரிசோதனையில் உண்ணிக் காய்ச்சல் என்று வந்தது. பிளேட்லெட் குறைந்திருந்தது. டாக்ஸிசைக்ளின், 28 நாள். பால், தயிரோடு கொடுத்தால் அந்த மருந்து உடம்பில் சரியாகச் சேராது என்றார் டாக்டர். தயிர்சாதத்தில் மறைத்துக் கொடுக்கலாம் என்றிருந்த திட்டம் போச்சு. கோழி ஈரலை வேகவைத்து, அதற்குள் மாத்திரையைச் செருகி, விளக்கை அணைத்துவிட்டு வந்துவிடுவேன். காலையில் தட்டு காலியாக இருக்கும். சில நாள் ஈரல் மட்டும் காணாமல்போய், மாத்திரை தட்டில் சுத்தமாக உட்கார்ந்திருக்கும்.

துடைப்பத்தைக் கண்டால் நடுங்கினாள். யாரோ அதால் அடித்திருக்க வேண்டும். அம்மா துடைப்பத்தைக் கதவுக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டு, நாங்கள் பிஞ்சுவை மொட்டைமாடிக்குக் கொண்டுபோகிற நாள் வரை ஈரத்துணியால் குனிந்து துடைத்தாள். முட்டிவலி உள்ளவள். அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

பதினோராம் நாள் அம்மா தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், கட்டிலுக்கு முதுகைக் காட்டி. முழங்கையில் ஏதோ ஈரமாகப் பட்டது. மூக்கு. அம்மா திரும்பிப் பார்க்கவில்லை, கையையும் நிறுத்தவில்லை. ஒரு காம்பை மட்டும் பக்கத்தில் போட்டாள். அதை முகர்ந்துவிட்டு, அம்மா புடவை முந்தானை மேல் தாடையை வைத்துப் பிஞ்சு படுத்துவிட்டாள். நான் வாசலில் செருப்பைக் கழற்றாமல் அப்படியே நின்றேன்.

இப்போது நாலு மாதம் ஆகிறது. வெளியே போகும்போது கழுத்துப்பட்டையில் ஒன்று, மார்புப்பட்டையில் ஒன்று என்று இரண்டு கயிறு போடுகிறேன்; பயந்த நாய் கழுத்துப்பட்டையிலிருந்து பின்னால் உருவிக்கொண்டு ஓடிவிடும். குக்கர் விசில் அடித்தால் இன்னமும் கட்டிலுக்கு அடியில்தான். போன வாரம் மாநகராட்சி உரிமத்துக்கு விண்ணப்பித்தேன். வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்று கையில் இருந்தது. போட்டோதான் சிக்கல். எடுத்ததில் எல்லாம் ஒன்று வால் மட்டும், இல்லையென்றால் அம்மாவின் புடவை. கடைசியில் தூங்கும்போது எடுத்ததை ஏற்றினேன். ஓரத்தில் கொஞ்சம் முந்தானை தெரிகிறது.