பிரான்ஸ் கிராமத்தில் ஒரு கருங்கல் வீடு: வாங்கியதும் விற்றதும்

பிரான்ஸில் வீடு வாங்க அந்த நாட்டுக் குடியுரிமை வேண்டியதில்லை. இந்தியப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டே நானும் கணவரும் 2016இல் க்ரெஸ் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பழைய கருங்கல் வீட்டை வாங்கினோம். 2023இல் சிங்கப்பூரில் இருந்தபடியே அதை விற்றோம். வீடு வாங்கினால் விசா கிடைக்குமா என்று பலர் கேட்கிறார்கள். கிடைக்காது, அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

அப்போது பாரிஸில் வேலை. ஓஸ்தர்லித்ஸ் நிலையத்தில் ரயில் ஏறினால் லா சூத்தெரேன் போய்ச் சேர ஏறக்குறைய மூன்று மணி நேரம், அப்புறம் கார். ஊரில் ஆட்கள் குறைந்துகொண்டே போவதால் அந்தப் பக்கம் விலை குறைவு. வீடு, அதை ஒட்டி ஒரு தானியக் கொட்டகை, பின்னால் ஆப்பிள் மரங்கள் நின்ற தோட்டம், எல்லாம் சேர்த்து 76,000 யூரோ கேட்டார்கள். பார்த்த அன்றே எனக்குப் பிடித்துவிட்டது. கணவர்தான் கழிவுநீர்த் தொட்டியைப் பார்க்காமல் பேச வேண்டாம் என்றார்.

அவர் சொன்னது சரி. கிராமத்தில் பல வீடுகளுக்குப் பொதுச் சாக்கடை இணைப்பு இருக்காது. வீட்டுக்கே தனித் தொட்டி இருக்கும், அதைச் சோதிக்க ஸ்பாங்க் என்ற உள்ளாட்சிப் பிரிவு உண்டு. வந்த ஆள் புல்லுக்கு அடியில் புதைந்து கிடந்த கான்கிரீட் மூடியைக் கடப்பாரையால் நெம்பித் திறந்தார். சமையலறை சிங்கில் பச்சைச் சாயத்தை ஊற்றிக் குழாயைத் திறந்துவிட்டு, வெளியே வந்து காத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பச்சைத் தண்ணீர் தொட்டிக்குள் வராமல் தோட்டத்து ஓரப் பள்ளத்தில் வழிந்தது. விதிக்கு உட்படவில்லை என்று அறிக்கை எழுதினார். இப்படிப்பட்ட வீட்டை வாங்குபவர் பத்திரம் முடிந்து ஓராண்டுக்குள் சரிசெய்ய வேண்டும் என்பது சட்டம். அந்த அறிக்கையைக் காட்டித்தான் விலையை 70,000க்குக் கொண்டுவந்தோம்.

முதலில் கையெழுத்தாவது கொம்ப்ரோமி என்ற விற்பனை ஒப்பந்தம். அதற்குப் பிறகு வாங்குபவருக்குப் பத்து நாள் அவகாசம் உண்டு, காரணம் சொல்லாமலே விலகலாம். வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்பி வரும் என்ற நிபந்தனையையும் அதில் சேர்ப்பார்கள். நாங்கள் சேமிப்பில் வாங்கியதால், கடன் வாங்கப் போவதில்லை, பின்னால் வாங்கினாலும் அந்த நிபந்தனையைக் கோர முடியாது என்று தெரியும் என, என் கையாலேயே பிரெஞ்சில் எழுதித் தர வேண்டியிருந்தது.

சொத்துப் பத்திரங்களை எழுதி முடிக்கும், அரசு நியமித்த சட்ட அலுவலருக்கு நொத்தேர் என்று பெயர். அவர் கேட்ட ஒரு கேள்வியை நாங்கள் எதிர்பார்க்கவே இல்லை: உங்கள் திருமணச் சொத்து முறை எது? அதாவது, சொத்து இருவருக்கும் பொதுவா, தனித்தனியா? எங்களுக்குக் காரைக்காலில் 2009இல் கல்யாணம், உடனே பாரிஸில் குடித்தனம். 1992 செப்டம்பர் முதல் 2019 ஜனவரி 28 வரை நடந்த திருமணங்களுக்கு 1978ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கைதான் அளவுகோல். நாமாக எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால், கல்யாணத்துக்குப் பிறகு முதலில் சேர்ந்து வாழ்ந்த நாட்டின் சட்டம் பொதுவாகப் பொருந்தும். அதனால் கல்யாணத்துக்குப் பின் சம்பாதித்தது இருவருக்கும் பொது என்று பத்திரத்தில் எழுதினார்கள். பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் இரண்டுக்கும் நீதிமன்ற அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரின் மொழிபெயர்ப்பு கேட்டார்கள். வீடு தேடத் தொடங்கும்போதே இதைச் செய்து வைப்பது நல்லது.

அப்புறம் காத்திருப்பு. கிராமத்துச் சொத்து விற்பனையை, அதை முதலில் வாங்கும் உரிமை உள்ள சஃபேர் என்ற நில அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். தானே வாங்கிக்கொள்வதா என்று முடிவெடுக்க அதற்கு இரண்டு மாதம் உண்டு. பணம் முழுவதும் நொத்தேரின் கணக்கு வழியாகத்தான் போகும். பத்திரத்தில் ஒரு விலை, கையில் ஒரு விலை என்ற பேச்சே எழவில்லை. எனக்கு அதுவே பெரிய நிம்மதி. பத்திரச் செலவு 6,500 யூரோ ஆனது. அதில் பெரும்பகுதி அரசுக்குப் போகும் வரி.

பத்திரம் முடிந்ததும் அப்பா போன் செய்தார். "ஏம்மா, மூலப் பத்திரத்தை வாங்கி லாக்கர்ல வச்சுட்டியா?" மூலப் பத்திரம் நொத்தேரிடமே இருக்கும், நமக்கு நகல்தான் தருவார்கள் என்று சொன்னதும், "மூலப் பத்திரம் இல்லாம அது எப்படி உன் வீடாகும்?" என்றார். அவரைச் சமாதானப்படுத்தக் கொஞ்ச நாள் பிடித்தது.

ஆறு கோடைகள் அந்த வீட்டில் இருந்தோம். குளிர்காலத்தில் ஆளில்லாத வீட்டுக் குழாய்களில் தண்ணீர் உறைந்து வெடிக்கும் என்பதால், ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் மெயினை மூடிக் குழாய்களை வடித்துவிட்டுத்தான் கிளம்புவோம். புதிய கழிவுநீர்த் தொட்டியை ஒரு நிறுவனத்தை வைத்து 9,000 யூரோவுக்குப் போட்டோம். சுவர்ப்பூச்சு, தரை, ஜன்னல் பெயின்ட் எல்லாம் எங்கள் கைவேலை.

2022இல் சிங்கப்பூருக்கு வேலை மாறியது. பிள்ளைகளின் படிப்பும் தூரமும் சேர்ந்து விற்கும் முடிவுக்குக் கொண்டுவந்தன. மனமில்லாமல்தான் விற்றோம்.

விற்பவர்தான் சோதனை அறிக்கைகளைத் தர வேண்டும். 1949க்கு முன் கட்டிய வீடானால் ஈயம், 1997 ஜூலைக்கு முன் அனுமதி பெற்றதானால் ஆஸ்பெஸ்டாஸ், பதினைந்து ஆண்டுக்கு மேற்பட்டதானால் மின்கம்பிகள் என்று பட்டியல் போகும். எங்களிடம் இருந்த 2016ஆம் ஆண்டு எரிசக்தி மதிப்பீடு 2022 முடிவோடு காலாவதியாகிவிட்டது. புதிதாக எடுத்ததில், 'ஏ' முதல் 'ஜி' வரையான தரவரிசையில் 'எஃப்' வந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் எஃப், ஜி தரத் தனி வீடுகளை விற்க, மதிப்பீட்டோடு விரிவான எரிசக்தித் தணிக்கையும் கட்டாயம். ஒரு ஏஜென்ட் அதெல்லாம் வேண்டாம் என்றார். நொத்தேரோ அது இல்லாமல் ஒப்பந்தம் எழுத முடியாது என்று நிறுத்திவிட்டார். ஏஜென்ட் பேச்சைக் கேட்டிருந்தால் பின்னால் வழக்கு வந்திருக்கலாம். இந்த விஷயத்தில் நொத்தேர் சொல்வதையே நம்புங்கள்.

நெதர்லாந்துத் தம்பதி ஒருவர் 92,000 யூரோவுக்கு வாங்கினார்கள். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியே வசிப்பவர் 1,50,000 யூரோவுக்கு மேல் விற்றால், வரிக்குப் பொறுப்பேற்கும் பிரதிநிதி ஒருவரை அமர்த்த வேண்டும். அந்தச் செலவு எங்களுக்கு இல்லை.

வரிக் கணக்கை விவரமாகவே சொல்கிறேன். வாங்கிய விலை 70,000, பத்திரச் செலவு 6,500. ஐந்து ஆண்டுக்கு மேல் வைத்திருந்தால், வீட்டில் செய்த வேலைகளுக்கென்று, வாங்கிய விலையில் 15 சதவீதத்தை ரசீதே இல்லாமல் கூட்டிக்கொள்ளலாம். அது 10,500. எங்களிடம் இருந்த நிறுவன ரசீது 9,000தான். நாமே கடையில் வாங்கிப் பூசிய பெயின்ட்டும் சிமென்ட்டும் கணக்கில் வராது. அதனால் 15 சதவீதத்தையே எடுத்தோம். ஆக 87,000 போக லாபம் 5,000. ஏழு முழு ஆண்டு வைத்திருந்ததற்குக் கழிவு உண்டு. வருமான வரிக்கு 12 சதவீதம், சமூகப் பாதுகாப்புக்கான சமூக வரிக்கு 3.3 சதவீதம். மிச்சத்துக்கு 19 சதவீதமும் 17.2 சதவீதமும் போட்டால் இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 1,670 யூரோ. இதை நொத்தேரே பிடித்துக் கட்டிவிடுகிறார்.

கையெழுத்துக்கு நாங்கள் பறக்கவில்லை. 2020 நவம்பர் முதல் பவர் பத்திரத்தை வீடியோ வழியாகவே நொத்தேர் முன் எழுதலாம். கேமரா முன் பாஸ்போர்ட்டைக் காட்டி அடையாளத்தை உறுதிசெய்து, மின்னணுக் கையெழுத்துப் போட்டோம். அலுவலக ஊழியர் ஒருவர் எங்கள் சார்பில் பத்திரத்தில் கையெழுத்திட்டார். பணம் வருவதற்காகப் பழைய பிரெஞ்சு வங்கிக் கணக்கை மூடாமல் வைத்திருந்தோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

இலையுதிர் காலத்தில் சொத்து வரி நோட்டீஸ் எங்கள் பெயரில்தான் வந்தது. ஜனவரி 1 அன்று யார் உரிமையாளரோ அவர் பெயரில்தான் அந்த ஆண்டின் வரி. வாங்கியவர்களின் பங்கை நொத்தேர் பத்திரத்தன்றே கணக்கிட்டுக் கொடுத்துவிட்டதால், முழுத் தொகையையும் இணையத்தில் கட்டி முடித்தோம்.