நாலு பெட்டையும் ஒரு சேவலும்

சேலம் அம்மாபேட்டையில் எங்கள் கொல்லை பத்தடிக்குப் பன்னிரண்டடி. ஒரு முருங்கை, துவைக்கும் கல், போன தையிலிருந்து நாலு சிறுவிடை நாட்டுக்கோழிப் பெட்டை, ஒரு சேவல். வம்பு வந்தது சேவலால்தான். நாலரை மணிக்கே கூவ ஆரம்பித்துவிடும். பக்கத்து வீட்டு அண்ணன் இரவு ஷிப்ட் முடித்து வந்து படுப்பவர். "ஏம்மா, டவுனுக்குள்ள கோழி வளர்க்கலாமா, கூடாதா? எழுதிப் போட்டுடுவேன்" என்றார். அவரையும் குறை சொல்ல முடியாது.

முட்டைக்குச் சேவலே தேவையில்லை. பெட்டை தனியாக இருந்தாலும் இடும். குஞ்சு பொரிக்கத்தான் சேவல் வேண்டும். அமெரிக்காவில் பல ஊர்கள் விதியை மாற்றியபோது இதைத்தான் பிடித்துக்கொண்டன: சில பெட்டைகளுக்கு அனுமதி, சேவலுக்குக் கிடையாது, கூண்டு பக்கத்து வீட்டிலிருந்து இத்தனை அடி தள்ளி. நம் ஊருக்கும் இப்படித் தெளிவாக எழுதிவைத்தால் போதும். கூடவே வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி கட்டாயம் என்று ஒரு வரி. அந்த நோய் வந்தால் பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து திருகி, சில நாளில் கூண்டே காலி.

"முட்டைதானே, நாமக்கல் பக்கத்துலயே இருக்கே" என்கிறார் வீட்டுக்காரர். 1997இல் தனியாகப் பிரியும்வரை அதுவும் சேலம் மாவட்டம்தான், சரி. ஆனால் என் வீட்டுச் சோற்றுப் பருக்கையும் கீரைத்தண்டும் முட்டையாவதை லாரியில் ஏற்றி அனுப்ப முடியுமா?

சேவலை ஆத்தூரில் தம்பி வீட்டில் விட்டுவிட்டேன். பையில் போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோனேன். வாழப்பாடி வரை மூச்சு விடவில்லை. அப்புறம் கூவியது பாருங்கள், கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கேட்டார்.