டன்ஹாம் மாஸி: கட்டில்களைத் தேடிப் போகாதீர்கள்

டன்ஹாம் மாஸி, இங்கிலாந்தில் மான்செஸ்டர் பக்கத்தில் இருக்கும் பிரபு குடும்பத்து மாளிகை. முதல் உலகப் போரில் ராணுவ ஆஸ்பத்திரியாக இருந்தது. அதன் பெயரை இணையத்தில் தேடினால், வெள்ளை விரிப்புப் போட்ட இரும்புக் கட்டில்கள் வரிசையாக நிற்கும் படங்கள் வரும். அதை நம்பி டிக்கெட் வாங்காதீர்கள். முதல் உலகப் போரின் நூற்றாண்டையொட்டி 2014-ல் நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு மாளிகையைப் பழையபடி ஆஸ்பத்திரியாக மாற்றிக் காட்டியது. அப்போது எடுத்த படங்கள் அவை. கட்டில்களை எடுத்து வருஷங்கள் ஆகிவிட்டன. சலூன் எனப்படும் பெரிய வரவேற்புக் கூடத்துக்குள் நின்றுகொண்டே "வார்டு எங்கே?" என்று கேட்டால், நிற்கிற இடம்தான் வார்டு என்பதே பதில்.

மான்செஸ்டர் நகரிலிருந்து மஞ்சள் டிராம் ஏறி, கடைசி நிறுத்தமான ஆல்ட்ரிங்கத்தில் இறங்க வேண்டும். அங்கிருந்து சுமார் ஐந்து கிலோமீட்டர். இந்தத் துண்டில்தான் பணம் கரையும். டாக்சியில் ஏறுமுன் கட்டணத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். திரும்பும்போது மாளிகை வாசலில் டாக்சி காத்திருக்காது, கூப்பிட்டுத்தான் வரவழைக்க வேண்டும். பேருந்து மலிவு, ஆனால் அடிக்கடி வராது. மழை இல்லையென்றால் ஒரு மணி நேர நடை, காசும் மிச்சம். மான் பூங்காவை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் வந்ததே வீண். மாளிகை எல்லா நாளும் திறந்திருக்காது. உள்ளே விடும் நாளா, எத்தனை மணி வரை என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

1917 ஏப்ரல் முதல் 1919 ஜனவரி வரை இது ஸ்டாம்ஃபோர்ட் ராணுவ மருத்துவமனை. ஸ்டாம்ஃபோர்ட் பிரபுவின் விதவை பெனலபி சீமாட்டி வீட்டைக் கொடுத்தார். வார்டை நடத்தியது சிஸ்டர் பென்னட் என்ற பயிற்சி பெற்ற செவிலி. மற்ற வேலைகளுக்கு வி.ஏ.டி. எனப்படும் தொண்டர் பெண்கள். முதலுதவியும் வீட்டு நர்சிங்கும் கற்றவர்கள். பெரும்பாலும் சம்பளம் கிடையாது. தரை துடைப்பதும் படுக்கைச் சட்டி கழுவுவதும் பேண்டேஜ் சுற்றுவதும்தான் அன்றாடம். வீட்டு மகள் ஜேன் கிரேயும் அவர்களில் ஒருத்தி. மாடிப்படி அடியில்தான் அறுவை சிகிச்சை. ஒரு சிப்பாயின் மூளையிலிருந்து குண்டை எடுத்தபோது டார்ச் பிடித்து வெளிச்சம் காட்டியது ஜேன்தான். வழிகாட்டிகள் இந்த இடத்தைச் சட்டென்று கடந்துவிடுவார்கள். நீங்கள் கடக்காதீர்கள். வீட்டிலேயே ஆள் போக்குவரத்து அதிகமான மூலை இதுதான், அங்கே போய் மண்டை ஓட்டைத் திறந்திருக்கிறார்கள்.

சலூன் வார்டுக்குப் பெயர் 'பாக்தாத்'. ஆஸ்பத்திரி திறப்பதற்கு முந்தின மாதம், 1917 மார்ச் 11-ல், பிரிட்டிஷ் படை பாக்தாத்தைப் பிடித்திருந்தது. அந்தப் படையில் பெரும்பகுதி இந்தியச் சிப்பாய்கள் என்பதை நாம்தான் நினைத்துக்கொள்ள வேண்டும்.

சலூனில் நின்றதும் ஜன்னல்களைப் பாருங்கள். உயரமான ஜன்னல், நிறைய வெளிச்சம், நல்ல காற்றோட்டம்: பெரிய வீடு ஆஸ்பத்திரிக்குச் சரிப்பட்டது இதனால்தான். சரிப்படாதது மற்ற எல்லாம். கம்பளமும் திரைச்சீலையும் தூசி பிடிக்கும், ஸ்ட்ரெச்சரோடு படி ஏறுவது சிரமம், வெந்நீரைத் தூக்கித்தான் கொண்டுவர வேண்டும்.

தூசிக்கு அவ்வளவு பயந்ததற்குக் காரணம் உண்டு. போர் நடந்த பிரான்ஸ், பெல்ஜியம் வயல்கள் தலைமுறை தலைமுறையாக எரு போட்ட மண். குண்டுச்சில்லு அந்த மண்ணையும் சட்டைத் துணியையும் காயத்துக்குள் தள்ளிவிடும். சதை அழுகி வாயு கட்டும். ஆன்டிபயாட்டிக் கிடையாது. அந்தக் காலத்தின் சிறந்த வழி காரல்–டேகின் முறை: கெட்டுப்போன சதையை வெட்டி எடுத்துவிட்டு, சிறு துளைகள் போட்ட ரப்பர் குழாய்களைக் காயத்தின் அடிவரை செலுத்தி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலைப் பாய்ச்ச வேண்டும், இரவிலும்தான். செறிவு 0.45-லிருந்து 0.5 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். குறைந்தால் கிருமி சாகாது, கூடினால் தோல் வெந்துபோகும். கரைசல் சீக்கிரம் வீரியம் இழக்கும் என்பதால் பழையதை வைத்து ஓட்ட முடியாது. சுற்றுத் தோலைக் காக்க வாஸலின் தடவிய துணிப்பட்டை. ஒரு வார்டில் இப்படிப் பத்துக் காயம் இருந்தால் இரவு ஷிஃப்டில் யாரும் உட்கார்ந்திருக்க முடியாது. தொண்டர்கள் ஏன் அத்தனை பேர் தேவைப்பட்டார்கள் என்பது இங்கேதான் புரியும்.

நடக்கத் தேறியவர்களுக்கு நீல உடை, வெள்ளைச் சட்டை, சிவப்பு டை. பழைய புகைப்படங்களில் சாயம் தெரியாது. காலர் மடிப்பு வெள்ளையாகத் தெரியும், கோட்டு தொளதொளவென்று நிற்கும். அழகுக்காக மட்டும் அல்ல அந்த உடை: நீல உடைக்காரனுக்கு மது விற்பது குற்றம். வெளியே உலாவலாம், பப் உள்ளே தொண்டை நனைக்க முடியாது!

நூலகத்தில் கிரின்லிங் கிப்பன்ஸ் என்ற புகழ்பெற்ற மரச் சிற்பி செதுக்கிய, இயேசுவைச் சிலுவையில் அறைந்த காட்சி இருக்கிறது. மரவேலையில் ஆர்வம் இருந்தால் நில்லுங்கள். 1976-ல் கடைசிப் பிரபு மொத்தத்தையும் டிரஸ்டுக்கு எழுதி வைத்தபடியால்தான் சாமான்கள் இவ்வளவு மிஞ்சின.

சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். கஃபேயில் ஸ்கோனும் டீயும் கிடைக்கும், நான்கு பேர் குடும்பத்துக்கு அந்த பில் வலிக்கும். எலுமிச்சை சாதம் போதும். மான் அருகில் வந்து மோப்பம் பிடித்தாலும் ஊட்டக்கூடாது. கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதை உள்ளே போகும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.