சின்னம்மை யாருக்கு வரும்?

வெயில் ஏறியதும் எங்கள் தெருவில் சில வீட்டு வாசல்களில் வேப்பிலை செருகியிருக்கிறார்கள். சூட்டினால் அம்மை போட்டிருக்கிறது என்கிறார்கள். சூடு காரணமில்லை. வேரிசெல்லா சோஸ்டர் என்ற வைரஸ்தான் காரணம். இருமல், தும்மல், கொப்புளத்து நீர் வழியாகப் பரவும். கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடும். எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை நிற்காது. அதனால் வாசலில் வேப்பிலை ஏறுவதற்குள் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒட்டியிருக்கலாம். அது வெளியே தெரிய 10 முதல் 21 நாள் ஆகும்.

முன்பு வராதவர்கள், தடுப்பூசி போடாதவர்கள் யாருக்கும் வரலாம். ஒரே வீட்டில் இருந்தால் அப்படிப்பட்ட பத்துப் பேரில் ஒன்பது பேருக்குக்கூட வந்துவிடும். குழந்தைகள் பெரும்பாலும் தேறிவிடுவார்கள். என் கவலையெல்லாம் கர்ப்பிணிகள், பச்சிளங்குழந்தைகள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள் பற்றித்தான். பெரியவர்களுக்கு நிமோனியா வரை போகலாம்.

சாமி கும்பிடுங்கள், வேப்பிலையும் இருக்கட்டும். அப்படியே டாக்டரிடமும் போய்விடுங்கள். கொப்புளம் தெரிந்த முதல் 24 மணி நேரத்துக்குள் வைரஸ் மருந்து தொடங்கினால் பலன் அதிகம். அப்புறம், பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பிரின் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.