எட்டைத் தாண்டல்லியே மிஸ்

"குடிச்சா நான் மாத்திரை போடுறதே இல்ல மிஸ். குடிக்கப் போக முந்தியே போட்டுர்றேன்."

இதைச் சொல்லும்போது அந்த மனுஷனின் முகத்தில் ஒரு திருப்தி இருந்தது. அதுதான் என்னை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. குடித்தால் பனடோல் போடக்கூடாது என்று முன்பொரு நாள் அவருக்குச் சொன்னவள் நான். அவரும் கேட்டார். கேட்டு, நேரத்தை மாற்றிக்கொண்டார்.

கொழும்பு புறக்கோட்டையில் பாமசியில் நின்றவர்களுக்கு நாட்டாமிகளைப் பற்றி விளக்கத் தேவையில்லை. நாலாம் குறுக்குத் தெருவில் வெங்காய மூட்டையும் பருப்பு மூட்டையும் இறக்குகிறவர்கள். முதுகு, இடுப்பு, தோள் என்று ஏதாவது ஒன்று எப்போதும் நோகும். "ஒரு கார்ட் பனடோல்" என்று காசை நீட்டுவார்கள், கொடுப்போம், அடுத்த ஆள் வருவார். டொக்டரின் துண்டு தேவைப்படாத மருந்து. விசாரிக்க நேரமும் இல்லை, வழக்கமும் இல்லை.

அன்றைக்கு அவர் இரண்டு கார்ட் கேட்டார். பின்னால் ஆட்கள் இல்லை, அதனால் விசாரித்தேன்.

"யாருக்கண்ணே ரெண்டு கார்ட்?"

"எனக்குத்தான்."

"ஒரு நாளைக்கு எத்தனை போடுறீங்க?"

"காலையில ஆறு மணிக்கு ரெண்டு. பத்துக்கு ரெண்டு. ரெண்டு மணிக்கு ரெண்டு. அந்திக்கு ஆறுக்கு ரெண்டு. எட்டைத் தாண்டல்லியே மிஸ். பெட்டியில அப்படித்தானே போட்டிருக்கு?"

அப்படித்தான் போட்டிருக்கிறது. 500 மில்லிகிராம் குளிசை, பெரியவர்களுக்கு ஒரு தடவைக்கு ஒன்று அல்லது இரண்டு, இடையில் குறைந்தது நாலு மணித்தியாலம், 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேல் வேண்டாம். அவர் ஒரு குளிசைகூடக் கூட்டிப் போடவில்லை, ஒரு மணித்தியாலம்கூட முந்தவில்லை. பெட்டியில் உள்ளதை இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்த இன்னொருவரை நான் கண்டதில்லை.

ஆனால் எத்தனை காலமாக? தீபாவளி நேரம் லொறியிலிருந்து மூட்டை இறக்கும்போது இடுப்புப் பிடித்துக்கொண்டதாம், அன்று முதல். நாங்கள் பேசிக்கொண்டு நின்றபோது சித்திரை வருஷமும் முடிந்திருந்தது. காலையில் ஒரு பணிஸும் பிளேன்டீயும். பகலில் சோறு. ராத்திரிக்கு என்ன என்று கேட்டதற்குச் சிரித்தார். கால் போத்தல் சாராயம், கூட்டாளி சேர்ந்தால் அரைப் போத்தல். அதன்பிறகு சாப்பாடு சில நாள் இறங்கும், சில நாள் இறங்காது. அப்போதுதான், நான் முகம் மாறியதைக் கண்டு, என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி அந்த வசனத்தைச் சொன்னார். குடித்தால் போடுவதில்லை. போக முந்தியே போட்டுவிடுகிறேன்.

ஐம்பது கிலோவைத் தொடாத உடம்பு. தன் நிறைக்குச் சமமான மூட்டையைத் தோளில் ஏற்றுகிற உடம்பு.

பனடோலில் இருக்கிற மருந்து பரசிற்றமோல். அதில் பெரும்பகுதியை ஈரல் சிரமமில்லாமல் மாற்றிச் சிறுநீரோடு அனுப்பிவிடும். ஒரு சின்னப் பகுதி மட்டும் ஒரு நச்சுப் பொருளாக மாறும். வீட்டில் சேருகிற குப்பையை அன்றன்றே அள்ளிப்போட ஒரு ஆள் இருப்பது போல, அந்த நச்சை அடக்குவதற்கு ஈரலில் குளுட்டாதயோன் என்று ஒன்று இருக்கிறது. நாள்தோறும் குடிக்கிறவருக்கு இரண்டு பக்கத்தாலும் அடி. நச்சை உண்டாக்குகிற நொதி குடியினால் பெருகுகிறது. சரியான சாப்பாடு இல்லாததால் குளுட்டாதயோன் குறைகிறது. இன்னொன்றும் இருக்கிறது. வயிற்றில் சாராயம் இருக்கும்வரை அந்த நொதி சாராயத்தோடும் மல்லுக்கட்டிக்கொண்டு நிற்கும். வெறி இறங்கியதும் அதன் கை முழுக்கக் குளிசைக்கு ஓய்வாகிவிடும். அப்படிப் பார்த்தால் அவருடைய காலை ஆறு மணி இரண்டும் பத்து மணி இரண்டும்தான் எனக்கு அதிகப் பயம். இதையெல்லாம் கவுண்டரில் வைத்து எப்படிச் சொல்வது? "குடிச்சாப் போடாதீங்க" என்றுதான் சொல்ல வருகிறது. அந்த வசனத்தில் பிழை இல்லை. ஆனால் அவர் மாதிரி ஒருவருக்கு அது உதவாத வசனம், ஏனென்றால் குடி அவருக்கு ஒரு நேரம், எனக்கு அது அவருடைய ஈரலின் நிலைமை.

நான் சொன்னேன்: "இனி உங்களுக்கு இதை நான் தரமாட்டேன் அண்ணே. பெரியாஸ்பத்திரி ஓபிடிக்குப் போங்க. குடிக்கிறதையும் இந்த மாத்திரைக் கணக்கையும் டொக்டருக்குச் சொல்லுங்க, ஈரலுக்கு ரத்தம் சோதிச்சுப் பார்ப்பாங்க."

"அப்ப வலிக்கு?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. டைக்ளோபெனாக் கொடுக்கலாமா? அதற்கு டொக்டரின் துண்டு வேண்டும். துண்டு இருந்தாலும், நாள்தோறும் சாராயம் விழுகிற வயிற்றில் அதைப் போடுவது குடலில் ரத்தத்தை அழைத்துக்கொண்டு வருகிற வேலை. வெயிலில் வியர்த்து, தண்ணீர் குறைந்த உடம்பில் சிறுநீரகத்துக்கும் கேடு. வேலையை விட்டுவிட்டு ஓய்வெடுங்கள் என்று நாட்கூலிக்காரருக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நோவுக்குப் பூசுகிற சித்தாலேப போத்தலை எடுத்து வைத்தேன்.

"அது பூசியும் கேக்காமத்தான் மிஸ் மாத்திரை போடுறேன்" என்றார். கோபமில்லை. காசை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அவ்வளவுதான் நடந்தது.

நான் செய்தது சரி என்று எனக்கு நானே பல தடவை சொல்லிக்கொண்டிருக்கிறேன். தெரிந்துகொண்டே ஒருவருடைய கையில் அதைத் தூக்கிக் கொடுக்க முடியாது. வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு நிற்பது காசு வாங்கி மிச்சம் கொடுப்பதற்கு மட்டும் என்றால் அதற்கு என்னைப் படிப்பித்திருக்கத் தேவையில்லை.

என்னுடன் வேலை செய்கிற மூத்த மருந்தாளர், நாங்கள் சேர் என்று கூப்பிடுகிறவர், இதைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "நீங்க அவரை அனுப்பியிருக்கக் கூடாது பிள்ளை. நாலு கொடுத்திருக்கலாம்." அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தினமும் குடிக்கிறவர்களுக்கும் மெலிந்தவர்களுக்கும் நாளொன்றுக்கு 2 கிராம், அதாவது நாலு குளிசை, அதுவும் கொஞ்ச நாளைக்கு என்று பல டொக்டர்மார் எல்லை வைக்கிறார்கள். அந்த அளவில் டைக்ளோபெனாக்கைவிடப் பரசிற்றமோலே அவருக்குப் பாதுகாப்பு. எட்டிலிருந்து நாலுக்கு இறக்கிவிட்டு, கிழமைக்கொருதரம் வரச்சொல்லி, கண் மஞ்சளிக்கிறதா என்று பார்த்து அனுப்பியிருந்தால்? அப்படி ஒரு வழி இருந்தது. நான் தரமாட்டேன் என்றதும் அவருக்கு இருந்தது இரண்டு கடை தள்ளியுள்ள சில்லறைக் கடைதான். அங்கே எத்தனை மணிக்குப் போடுகிறீர்கள் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

ஆனால் நான் நாலு கொடுத்து, அவர் அங்கே போய் இன்னும் எட்டு வாங்கினால்? வலி குறையாத மனுஷன் வேறென்ன செய்வார்? அப்போது பன்னிரண்டு. அதற்கு நானும் உடந்தை. இப்படி யோசிக்கும்போது சேர் சொல்வது கேட்பதற்கு இதமான பேச்சாக மட்டும் தெரிகிறது. பிறகு மறுபடியும் அவர் சொல்வதே சரியென்று படுகிறது.

ஒன்று மட்டும் எனக்கு நன்றாக விளங்கியது. அவருக்குப் பனடோலும் சாராயமும் இரண்டு வேறு சாமான்கள் அல்ல. இடுப்பு நோவுக்குப் பகலில் ஒன்று, படுக்கப் போக இன்னொன்று. சாராயம் இல்லாவிட்டால் நித்திரை வராது, நித்திரை இல்லாவிட்டால் அடுத்த நாள் மூட்டை ஏறாது. "ரெண்டையும் சேர்க்காதீங்க" என்று நாங்கள் சொல்வதை அவர் "ரெண்டுக்கும் இடைவெளி விடுங்க" என்று எடுத்துக்கொண்டதில் என்ன ஆச்சரியம்? மற்ற மருந்துகளுக்கெல்லாம் நாங்கள் அப்படித்தானே சொல்கிறோம், சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின் என்று.

பனடோலுக்கு இங்கே இருக்கிற நல்ல பெயரும் ஒரு காரணம். அந்த நல்ல பெயர் பொய்யானதல்ல. 2017இல் நாடு முழுக்க 180,000 பேருக்கு மேல் டெங்கு வந்தபோது, அஸ்பிரின் வேண்டாம், டைக்ளோபெனாக் வேண்டாம், பரசிற்றமோல் மட்டும் போடுங்கள் என்று நாங்களே தொண்டை வற்றச் சொன்னோம். அது உயிர் காத்த புத்திமதி. ஆனால் சனத்தின் காதில் "பனடோல் ஒன்றும் செய்யாது" என்பதுதான் தங்கிவிட்டது. டெங்கு தானாகவே ஈரலைத் தாக்கும், அதனால் பனடோலும் அளவோடுதான் என்ற மிச்சப் பாதி தங்கவில்லை. தடிமனுக்கு விற்கிற கூட்டுக் குளிசைகள் பலவற்றில் அதே பரசிற்றமோல் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. "வேற ஏதும் மருந்து எடுக்கிறீங்களா?" என்று கேட்டால் இல்லை என்பார்கள். பையைத் திறந்தால் கார்ட் இருக்கும். "இது மருந்தில்லையே, பனடோல்தானே." படித்தவர்களும், கல்யாண வீட்டில் குடித்துவிட்டுக் காலையில் தலையிடிக்கு மூன்று போடுகிறவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். ஒரு நாள் அப்படி நடந்தால் பெரும்பாலானோருக்கு எதுவும் ஆகாது. எதுவும் ஆகாததுதான் அடுத்த தடவைக்குத் தைரியம் கொடுக்கிறது.

பிறகு ஒரு நாள் அவருடைய கூட்டாளி ஒருவர் பிளாஸ்டர் வாங்க வந்தார். "ரெண்டு கார்ட் கேட்ட அண்ணே, அந்த ஹட்டன்காரர் எங்கே?" என்று கேட்டேன். சத்தி எடுத்துக்கொண்டிருந்தாராம், சாப்பாடு வேண்டாம் என்றாராம், கண் மஞ்சளாகக் கிடந்ததாம். ஊருக்கு பஸ் ஏறிவிட்டார். செங்கண்மாரிக்கு அங்கே யாரோ கை மருந்து கொடுப்பார்களாம்.

கடையில் ஆட்கள் நின்றார்கள். நான் கவுண்டரை விட்டு வெளியே வந்து அந்தக் கூட்டாளியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: உடனே போன் எடுங்க. கை மருந்து வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்க. போனதும் குடியை மட்டும் சொல்ல வேண்டாம், பனடோல் எத்தனை மாதமாக எட்டு எட்டாகப் போட்டார் என்பதையும் சொல்லச் சொல்லுங்க. நான் அப்படிப் பதறியதற்குக் காரணம் இருக்கிறது. குடிகாரருக்குக் கண் மஞ்சளாகிவிட்டால் காரணம் குடிதான் என்று எல்லோரும் முடிவெடுத்துவிடுவார்கள், அவர் உட்பட. பரசிற்றமோல் நஞ்சுக்கு அசிற்றைல் சிஸ்டீன் என்று ஒரு மாற்று மருந்து இருக்கிறது. ஒரேயடியாக அதிகம் விழுங்கியவருக்கு அதை எட்டு மணித்தியாலத்துக்குள் தொடங்கினால் ஈரலை அநேகமாகக் காப்பாற்றிவிடலாம். இவரைப் போல மாதக்கணக்கில் சேர்த்தவருக்கு அப்படி ஒரு மணிக்கணக்கு இல்லை. ஆனால் டொக்டருக்குத் தெரிந்தால்தானே அதைப் பற்றி யோசிப்பார்.

கூட்டாளி போன் எடுத்தார். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. பிறகு பேசிச் சொல்வதாகச் சொல்லிப் போனார். சொன்னாரா, இவர் ஆஸ்பத்திரிக்குப் போனாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கூட்டாளியும் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

அது குளிசையால் வந்ததென்று நான் சத்தியம் பண்ணமாட்டேன். சாராயம் மட்டுமே போதும். எலிக்காய்ச்சலாக இருக்கலாம், ஈரல் அழற்சிக் கிருமியாக இருக்கலாம். என் மனம் இந்த மற்றக் காரணங்களை ஆசையோடு எண்ணிப் பார்ப்பதையும் நான் கவனிக்கிறேன். எண்ணிப் பார்த்தாலும் அந்த ஆறு, பத்து, இரண்டு, ஆறு என்ற நேரக்கணக்கு போகமாட்டேன் என்கிறது.

இப்போது இரண்டு கார்ட் கேட்கிறவர்களிடம் நான் குடியைப் பற்றி முதலில் கேட்பதில்லை. கேட்டால் இல்லை என்பார்கள், அல்லது முகம் சுளிப்பார்கள். "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்கிறேன். அதிலிருந்து மற்றது தானாக வருகிறது. தினமும் குடிக்கிறவர் என்று தெரிந்தால் நாலுக்கு மேல் வேண்டாம் என்கிறேன். ஒரு கார்டில் வெட்டி இரண்டு நாளைக்கு மட்டும் கொடுக்கிறேன். கண் மஞ்சளித்தால், கறுப்பாக மலம் போனால், சத்தியில் கோப்பித்தூள் மாதிரி வந்தால் கடைக்கு வர வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்கிறேன். முதலாளிக்கு இதில் விருப்பமில்லை, வரிசை நீளுகிறது என்கிறார். சேருக்கும் முழுச் சம்மதம் இல்லை. நாலு என்று நீங்கள் சொன்னால் அந்த நாலையும் வருஷக்கணக்காகப் போடுவார்கள், எண்ணைச் சொல்லாமல் ஆளைத் திரும்ப வரச் சொல்லுங்கள் என்கிறார். வரச் சொல்கிறேன். சிலர் வருகிறார்கள்.

பிரித்தானியாவில் 1998இல் சாதாரணக் கடைகளில் ஒரு பெட்டிக்கு 16 குளிசை, பாமசியில் 32 என்று கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். நஞ்சாக விழுங்குவதைக் குறைக்கச் செய்தது அது. இங்கேயும் சில்லறைக் கடைகளில் பனடோல் விற்பதை நிறுத்த வேண்டும் என்று ஒரு நாள் கோபத்தில் சேரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கே அடுத்த நிமிஷம் அது சரியாகப் படவில்லை. நாங்கள் ஷட்டரை இறக்கிய பிறகு, புறக்கோட்டையில் ஒரு அறைக்குள் ஏழெட்டுப் பேராகப் படுக்கிற ஆட்களில் ஒருவருக்குக் காய்ச்சல் கொதித்தால், அந்தச் சில்லறைக் கடையின் பலகைக் கதவைத்தான் தட்டுவார்கள். அந்தக் கடைக்காரரிடம் ஒரு நாள் போய்ப் பேச வேண்டும் என்றிருக்கிறேன், இரண்டு கார்ட் கேட்கிறவரை எங்களிடம் அனுப்பச் சொல்லி. அவர் அனுப்புவாரோ தெரியாது. அனுப்பினாலும், வலிக்கு என்ன தருவீர்கள் என்று வந்தவர் கேட்டால் சொல்வதற்கு என்னிடம் இன்னும் ஒன்றுமில்லை.