பதினைந்து படிக்குக் கீழே

அக்டோபர் 13, ஞாயிறு

கொலு பொம்மைகளைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாயிற்று. மாமா சோபாவில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக ஜெர்ஸி சிட்டியின் ஜர்னல் ஸ்கொயர் கட்டடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். திருவாரூரிலிருந்து வந்து ஐந்து வாரம். சுதந்திர தேவி, நயாகரா, பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயில் எல்லாம் முடிந்துவிட்டது. மருமகன் என்ற முறையில் என் கையிருப்பு தீர்ந்துபோயிற்று.

"இங்க கச்சேரி எதுவும் கிடையாதா மாப்ளே?" என்றார்.

அவர் கோயில் வாசலில் விடிய விடியத் தவில் கேட்டு வளர்ந்தவர். யாழ்ப்பாணம் தெட்சிணாமூர்த்தியை நேரில் கேட்டதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் காபி ஆறிவிடும். நான் ஐந்து வருஷம் மிருதங்கம் கற்று, பத்தாம் வகுப்பில் விட்டவன். எனக்கு மிஞ்சியது தொடையில் தாளம் போடும் கெட்ட பழக்கம் மட்டும்.

செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கு, நியூயார்க்கில் வில்லேஜ் வான்கார்ட் என்ற இசைக் கிளப்பில் இரண்டு டிக்கெட் போட்டுவிட்டேன். பியானோ, பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியம், டிரம்ஸ், மூன்றே பேர். ஜாஸ் என்றேன்.

"டான்ஸா?"

இல்லை மாமா, உட்கார்ந்து கேட்பதுதான் என்றேன். "அப்ப சரி" என்றார்.

அக்டோபர் 15, செவ்வாய், இரவு 11.40

பாத் ரயிலில் ஹட்ஸன் ஆற்றுக்கு அடியில் போய் கிறிஸ்டோபர் தெருவில் ஏறி, ஏழாவது அவென்யூ வரை மெதுவாக நடந்தோம். சிவப்புக் கதவு. திறந்ததுமே செங்குத்தாகப் படி. மாமாவுக்கு வலது முழங்கால் தகராறு. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பக்கவாட்டில், வாய்விட்டு எண்ணிக்கொண்டே இறங்கினார். பதினைந்து.

உள்ளே 123 பேருக்குத்தான் இடம். ஆப்பு மாதிரியான அறை. அகலமான பக்கத்தில் பார், குறுகிக்கொண்டே போய் முனையில் மேடை. சுவரெல்லாம் இங்கே வாசித்தவர்களின் படங்கள். முந்தி வருபவருக்கு முன்னிடம் என்பதால் டிரம்ஸிலிருந்து இரண்டாவது மேஜை கிடைத்தது. ஒரு பானமாவது வாங்கியாக வேண்டும். மாமா ஜிஞ்சர் ஏலை முகர்ந்து பார்த்து, "சுக்குத் தண்ணியில சோடா" என்று தீர்ப்புச் சொன்னார். சாப்பாடு கிடையாது. சமையலறை என்று ஒன்று பெயருக்கு இருக்கிறது, அதில் வித்வான்கள் உட்கார்ந்து இளைப்பாறுகிறார்கள். படம் எடுக்கவோ பதிவு செய்யவோ கூடாது. செல்போன் பைக்குள் போனது.

விளக்கு மங்கியதும் எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். சென்னை சபாக்களில் நான் பார்த்திராத மௌனம்.

முதல் உருப்படி மெதுவானது. டிரம்ஸ்காரர் கம்பித் துடைப்பம் போன்ற இரண்டு பிரஷ்களால் தோலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மாமா என் காதருகே குனிந்து, "வாசிக்கிறானா, பெருக்குறானா?" என்றார். நல்லவேளை, தமிழ் தெரிந்தவர் யாரும் பக்கத்தில் இல்லை.

இரண்டாவது உருப்படிதான் விஷயம். வேகமாக எடுத்தார்கள். என் கை தானாகத் தொடையில் தாளம் போட ஆரம்பித்து, நாலைந்து சுற்றுக்குள் வழுக்கியது. போட்டுப் போட்டு வழுக்கியது. பாட்டு முடிந்து கைதட்டல் எழுந்தபோது மாமா சொன்னார்:

"கையைப் பார்க்காதீங்க மாப்ளே, அவன் இடது காலைப் பாருங்க. ரெண்டுலயும் நாலுலயும் மிதிக்கிறான். ஒண்ணை உங்ககிட்ட விட்டுட்டான், நீங்களே வச்சுக்கங்கன்னு."

உண்மைதான். காலால் மிதிக்கும் அந்த ஜோடித் தட்டு, ஹை ஹேட், நாலு எண்ணிக்கையில் ஒன்றையும் மூன்றையும் தொடுவதே இல்லை. நான் ஒன்றில் தட்டு விழும் என்று காத்திருந்து ஏமாந்துகொண்டிருந்தேன். வலது கையோ பெரிய சிம்பலில் 'டிங்... டிங் க டிங்' என்று நடக்கிறது. அதை மாமா ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்: "சதுஸ்ரத்துக்குள்ள திஸ்ரத்தை ஒளிச்சு வச்சிருக்கான்." நாலின் நடைக்குள் மூன்றின் நடை. ஸ்விங் என்ற இந்த ஜாஸ் நடைக்கு நான் படித்த விளக்கங்கள் எல்லாம் இதைவிட நீளம்.

பேஸ் மட்டும் அவருக்குச் சரிப்படவில்லை. தம்பூரா இல்லை, சுருதிப் பெட்டி இல்லை. அடியில் ஓட வேண்டிய ஸ்வரம் ஓரிடத்தில் நிற்காமல் படி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. "அஸ்திவாரமே நடந்து போனா வீட்டுல எப்படிப் படுக்கிறது?" என்றார். இதற்கு என்னிடம் பதில் இல்லை. நடக்கிறது என்பதுதான் அதன் பெயரே: வாக்கிங் பேஸ்.

நாலாவது உருப்படியில் முப்பத்திரண்டு பார் கொண்ட பாட்டு. (இங்கே பார் என்றால் நாலு எண்ணிக்கை கொண்ட கட்டம். இன்னொரு பார் அறையின் பின்பக்கம் இருக்கிறது.) எட்டெட்டாக நாலு பகுதி. முதலிரண்டும் ஒரே மெட்டு, மூன்றாவது வேறு பக்கம் போகும், நாலாவது திரும்பி வீட்டுக்கு வரும். இந்தச் சுற்று முடிந்ததும் அதே சுரக்கூட்டங்களின் வரிசை மேல் ஆளுக்கு ஆள் கற்பனையாக வாசிக்கிறார்கள், மெட்டை மறைத்துவிட்டு. மாமா அந்தச் சுற்றைப் பிடித்துவிட்டார். மூன்றாவது பகுதி வரும்போதெல்லாம் விரல் லேசாகத் தூக்கிற்று. பியானோக்காரர் ஒரு சுற்றின் கடைசியில் வாக்கியத்தை முடிக்காமல் எல்லையைத் தாண்டி இழுத்து, அடுத்த சுற்றின் நடுவில் வந்து இறங்கினார். மாமா தன்னை மறந்து, "பலே!" என்றார். சத்தமாக.

அந்த மௌனத்தில் அது தேங்காய் உடைத்த மாதிரி கேட்டது. பக்கத்து மேஜை வெள்ளைக்காரப் பாட்டி திரும்பினார். எனக்கு நாற்காலிக்கு அடியில் போய்விடலாம் போலிருந்தது. பின்னாலிருந்து யாரோ "யெஹ்!" என்றார். பாட்டியும் சிரித்தார். டிரம்ஸ்காரர் எங்கள் பக்கம் பார்த்தாரா என்று தெரியவில்லை, மாமா பார்த்தார் என்று சாதிக்கிறார்.

அப்புறம் எட்டு பார் பியானோ, எட்டு பார் டிரம்ஸ் என்று மாறி மாறி வாசித்தார்கள். ஒரு சுற்றுக்குப் பிறகு அது நாலு நாலாகக் குறைந்தது. மாமா என் முழங்கையைப் பிடித்துவிட்டார். "குறைப்பு!" தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் செய்வது அதேதான். ஆனால் நாலோடு நின்று, மெட்டை எடுத்து முடித்துவிட்டார்கள். ரயிலில் வரும்போது மாமா வேறெதுவும் பேசவில்லை. "ரெண்டுக்கு வந்திருக்கணும். ஏன் வரல?"

அக்டோபர் 16, புதன்

மாமா காலையிலிருந்து கேள்வி. அந்த அறை ஏன் கோணலாக இருக்கிறது என்பது முதல் கேள்வி. 1910களில் ஏழாவது அவென்யூவைத் தெற்கே நீட்டியபோது பழைய தெருக்களைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனார்கள். அதில் மூலை மூலையாக முக்கோண மனைகள் மிஞ்சின. மதுவிலக்குக் காலத்தில் இந்த நிலவறையில் நடந்த கள்ளச்சாராயக் கடைக்குப் பெயரே கோல்டன் ட்ரையாங்கிள். 1935இல் மேக்ஸ் கார்டன் வந்து, கவிதை, நாட்டுப்பாடல் எல்லாம் நடத்தி, 1957இல் முழுக்க ஜாஸுக்கு மாறினார். அவருக்குப் பின் மனைவி லொரெய்ன், இப்போது மகள் டெபோரா. "பரம்பரை தர்மகர்த்தா" என்று மாமா தலையாட்டினார்.

இரவு அவருக்கு, பியானோக்காரர் பில் எவன்ஸின் மூவர் குழு 1961 ஜூன் 25 அன்று அங்கே வாசித்ததைப் போட்டுக் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமை, பகலும் இரவுமாக ஐந்து செட், அதாவது இடைவேளை விட்டு விட்டு ஐந்து கச்சேரி. கிளாஸ் உரசுவதும் யாரோ பேசுவதும் பதிவிலேயே கேட்கிறது. ஆக, அறுபத்துமூன்று வருஷத்துக்கு முன்னால் அங்கே மௌனம் இல்லை. நேற்று நான் வியந்தது பிற்காலத்துப் பழக்கம் போலிருக்கிறது. பேஸ் வாசித்த ஸ்காட் லஃபாரோவுக்கு வயது 25. ஜூலை 6ஆம் தேதி கார் விபத்தில் போய்விட்டார். இதைச் சொன்னதும் மாமா, "அந்தப் பையனை மட்டும் கேக்கற மாதிரி திரும்பப் போடுங்க" என்றார். அஸ்திவாரம் நடப்பது பற்றி இன்று புகார் இல்லை.

அதே வருஷம் நவம்பரில் சாக்ஸபோன்காரர் ஜான் கோல்ட்ரேன் அங்கே பதிவு செய்த உருப்படி ஒன்றின் பெயர் 'இந்தியா'. 1965இல் பிறந்த மகனுக்கு ரவிசங்கர் நினைவாக ரவி என்று பெயர் வைத்தவர். இது மாமாவை அசைக்கவில்லை. "சிதாரா, சரி" என்றார்.

அக்டோபர் 18, வெள்ளி

ஆபீஸ் வேலை கழுத்தை நெரித்தது. மாமா சாப்பாட்டு மேஜையில் முப்பத்திரண்டு எண்ணிக்கொண்டிருப்பதாக மனைவி போனில் சொன்னாள். குக்கர் விசிலையும் சேர்த்து எண்ணுகிறாராம்.

அக்டோபர் 20, ஞாயிறு (உண்மையில் திங்கள், 12.50)

ஒரே குழு ஆறு இரவு தொடர்ந்து வாசிக்கிறது, கடைசி நாளில் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை. மாமாவுக்கு முழங்கால் வீக்கம், படி ஆகாது. பத்து மணி செட்டுக்கு என்னைத் தனியாக அனுப்பினார், ஒரே ஓர் உத்தரவோடு: "ரெண்டுக்கு வர்றானான்னு பாருங்க."

செவ்வாய்க்கிழமை அந்த மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே வாசித்தார்கள். இன்று பார்க்கவே இல்லை. பியானோக்காரர் மெட்டை அடையாளம் காட்டாமலே கற்பனையில் தொடங்கிவிட்டார். அதே முப்பத்திரண்டு என்று எனக்குத் தெரிய, மூன்றாவது பகுதி வந்து வேறு பக்கம் திரும்ப வேண்டியிருந்தது. என் விரல் தூக்கிற்று. மாமாவின் விரல்.

எட்டில் தொடங்கினார்கள். நாலு. அப்புறம் இரண்டு. அதோடு நிற்காமல் ஒரு பார் பியானோ, ஒரு பார் டிரம்ஸ், கேள்வியும் பதிலும் மோதி, ஓரிடத்தில் இருவரும் ஒரே சமயத்தில் நுழைந்துவிட்டார்கள். தப்புத்தான். பேஸ்காரர் வாய்விட்டுச் சிரித்தபடி எல்லாரையும் முதல் எண்ணிக்கைக்கு இழுத்து வந்தார். அறையே ஆர்ப்பரித்தது. செவ்வாய்க்கிழமை தப்பு ஒன்றுகூட இல்லை. எனக்கு இன்றைய செட்தான் பிடித்திருந்தது.

இந்த நேரத்துக்கு ரயில் ஹோபோகன் சுற்றிக்கொண்டுதான் வருகிறது. கதவை ஓசைப்படாமல் திறந்தேன். கூடத்தில் விளக்கில்லை. சோபாவில் மாமா.

"வந்தானா?"

"ரெண்டுக்கு வந்து, அதுலேருந்து ஒரு பார் வரைக்கும் வந்துட்டாங்க மாமா. கடைசியில ஒரு முட்டல்."

"எங்க முட்டினாங்க? எண்ணிக் காட்டுங்க."

மேஜையில் தட்டிக் காட்டினேன். அவர் பியானோ, நான் டிரம்ஸ். உள்ளே இருந்து என் மனைவி மணி என்ன என்று கேட்டாள். மாமா குரலைத் தாழ்த்தி, "எட்டுலேருந்து எடுங்க" என்றார்.