மொய் நோட்டில் இருக்கும் படம்

அந்த நோட்டு இப்போதும் என் மேசையில்தான் இருக்கிறது. கோடு போட்ட பெரிய நோட்டு. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி கிடையாது. வாத்தியார் வேண்டாம் என்று சொல்லவில்லை. "உனக்குப் போடணும்னா போட்டுக்கப்பா" என்றுதான் சொன்னார். எனக்குச் சாமி நம்பிக்கை உண்டு, எந்தக் கணக்கு ஆரம்பித்தாலும் சுழி போட்டுத்தான் பழக்கம். ஆனாலும் இது அவரைப் பற்றிய படத்தின் கணக்கு என்பதால் போடாமல் விட்டேன்.

நான் தயாரிப்பு நிர்வாகி. கேமரா வாடகை பேசுவது, யூனிட்டுக்குச் சாப்பாடு சொல்வது, பேட்டா கொடுப்பது எல்லாம் என் வேலை. சின்னப் படங்களில் பணம் புரட்டுவதும் என் தலையில்தான் விழும். ஆவணப்பட இயக்குநரான என் நண்பன் மன்னார்குடிப் பக்கத்துத் தமிழாசிரியர் ஒருவரை வைத்துப் படம் எடுக்கக் கிளம்பினான். ஓய்வு பெற்றவர். கடவுள் நம்பிக்கை இல்லாதவர். சுயமரியாதைத் திருமணங்கள் நடத்தி வைப்பவர். ஊரில் யாரையாவது ராத்திரியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டுமென்றால் முதலில் தட்டுகிற கதவு அவருடையது.

திட்ட அறிக்கையில் 'மதச்சார்பற்ற மனிதநேயம்' என்று எழுதியிருந்தோம். சாமியை நடுவில் கொண்டுவராமல் மனுஷனுக்கு மனுஷன் நல்லது செய்வது, அவ்வளவுதான். நகரத்தில் அந்தச் சொல்லைக் கேட்டவர்கள் தலையாட்டினார்கள், பையில் கை விடவில்லை. கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக் கடை முதலாளியிடம் அரசியலமைப்புச் சட்டத்தையே எடுத்துப் போனேன். 1976ல் 42ஆவது திருத்தம் சேர்த்த 51ஏ பிரிவில், அறிவியல் மனப்பான்மையையும் மனிதநேயத்தையும் வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று இருக்கிறது. அதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். "சட்டம் சரி தம்பி. நாளைக்குக் காலையில கடையத் திறக்கணுமே" என்றார். அப்புறம் கல்லாவிலிருந்து பத்தாயிரம் எடுத்துக் கொடுத்து, பெயர் போட வேண்டாம் என்று மூன்று முறை சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பிழைப்பை வைத்துக்கொண்டு ஒருவர் எவ்வளவு தூரம் வரமுடியுமோ அவ்வளவு தூரம் வந்தார்.

இன்னொருவர் முழுச் செலவையும் ஏற்கிறேன் என்றார். கடைசியில் வாத்தியார் கோயில் வாசலில் நின்று கண் கலங்குவது மாதிரி ஒரு ஷாட் வேண்டுமாம். அரசியலில் இருக்கும் ஒருவர், தங்கள் தலைவர் படத்தில் ஐந்து நிமிடம் பேசினால் பாதிச் செலவு தருவதாகச் சொன்னார். இரண்டு இடத்திலும் கும்பிடு போட்டுவிட்டு வந்தோம். ஊருக்கு வந்து பஸ்ஸை விட்டு இறங்கும்வரை இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

வெளிநாட்டில் மனிதநேய அமைப்புகளுக்குக் குறைவில்லை. அவர்களின் உலகக் கூட்டமைப்பு 1952ல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கியது. அப்படி ஓர் இடத்தில் கேட்டுப் பார்க்கலாமா என்று யோசித்தோம். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் பதிவு, அதற்கென்று டெல்லியில் ஸ்டேட் பேங்க் கணக்கு என்று ஆடிட்டர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அந்தக் கதவைச் சாத்திவிட்டோம். வருமான வரிச் சலுகைக்கு 80ஜி ரசீது கேட்டவர்களுக்கும் எங்களால் கொடுக்க முடியவில்லை. நாங்கள் அறக்கட்டளை இல்லையே.

மொய் என்ற யோசனை வாத்தியாருடையது. பேராவூரணிப் பக்கம் ஆடி பிறந்தால் மொய் விருந்துதான். கல்யாணம் காதுகுத்து எதுவும் இல்லாமலே பந்தல் போட்டு, கறிச்சோறு போட்டு மொய் வாங்குவார்கள். கிணறு வெட்ட, பிள்ளையைப் படிக்கவைக்க, கடன் அடைக்க அந்தப் பணம்தான் முதல். வாங்கியதை அவரவர் முறை வரும்போது திருப்பிச் செய்ய வேண்டும், மேலே கொஞ்சம் சேர்த்தும் வைக்க வேண்டும். செய்யாதவனுக்கு ஊரில் முகம் இருக்காது.

"ஐயா, நாம எப்படித் திருப்பிச் செய்யறது? இந்தப் படம் சம்பாதிக்காதே" என்றேன்.

"படத்தையே திருப்பிச் செய். பணம் கொடுத்த ஒவ்வொரு ஊருக்கும் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டு" என்றார்.

நண்பனின் முகம் மலர்ந்துவிட்டது. கேரளத்தில் ஜான் ஆபிரகாம் ஒடேசா என்ற குழுவோடு ஊர் ஊராகப் போய் மக்களிடம் காசு திரட்டி 1986ல் ஒரு படம் முடித்தார். குஜராத்தில் 1976ல் 5 லட்சம் பால் விவசாயிகள் ஆளுக்கு 2 ரூபாய் போட்டு ஷியாம் பெனகல் படம் ஒன்று வந்தது. சினிமா படிக்கிறவர்கள் எல்லோருக்கும் இந்தக் கதைகள் தெரியும். எங்களுக்கும் தெரிந்திருந்தது. ஆனால் நம் ஊரிலேயே அதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

விருந்துக்குக் கறி வாங்கக் காசில்லை. சாம்பார் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் போட்டோம். நோட்டில் எழுதியது நான்.

அன்றைக்கு வந்தவர்களில் ஒருவரை மட்டும் சொல்ல வேண்டும். கோயிலில் தவில் வாசிப்பவர், ஐம்பது வயதிருக்கும். வலது கை விரல்களின் கணுக்களில் தோல் காய்த்துப் போயிருந்தது. வாசிக்கும்போது விரல்களில் கூடு மாட்டுவார்கள், துணியைப் பசை போட்டுச் சுற்றிக் காயவைத்த உறை அது. அதை ஒரு பழைய டப்பாவில் வைத்துக் கையிலேயே கொண்டுவந்திருந்தார், விருந்து முடிந்து நேராகக் கச்சேரிக்குப் போகிறாராம். 501 ரூபாய் எண்ணிக் கொடுத்தார். ஒரு ரூபாய் நாணயத்தை மட்டும் வேட்டி மடிப்பிலிருந்து தனியாக எடுத்தார். அண்ணே, பெயர் மட்டும் போதுமா என்று கேட்டேன்.

"தொழிலையும் எழுதுங்க தம்பி. கோயில் தவில்னு எழுதுங்க."

2020ல் ஊரடங்கு வந்தபோது திருவிழா இல்லை, கல்யாணம் இல்லை. நாதஸ்வரக்காரர்கள், தவில்காரர்கள் வீடுகளில் அடுப்பு எரியாத நாட்கள் உண்டு. அந்தத் தெருவுக்கு வாத்தியார் சைக்கிளில் அரிசி கொண்டுபோனாராம். "எங்களுக்குச் சாமி சோறு போடும். அந்த வருஷம் அது கதவு சாத்தியிருந்துச்சு. இவரு வந்தாரு" என்றார் அவர். வாத்தியார் இதை எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

நோட்டை வீட்டில் வைத்துப் புரட்டியபோதுதான் கவனித்தேன். மொய் எழுதியவர்களில் முக்கால்வாசிப் பேர் நெற்றியில் திருநீறோடு வந்தவர்கள். நாகூரிலிருந்து ஒரு பாய் வந்திருந்தார். வேளாங்கண்ணிப் பக்கத்திலிருந்து ஒரு நர்ஸ் அக்கா. யாரும் கடவுள் உண்டா இல்லையா என்ற பேச்சை எடுக்கவே இல்லை. எல்லோரும் வாத்தியாருக்கு எழுதினார்கள்.

இவர்களை வைத்துக்கொண்டுதான் நாங்கள் தப்புச் செய்தோம். டீசர் வெட்டும்போது கோயில் மணிச் சத்தம், உண்டியலில் விழும் காசு, உடனே பசியோடு உட்கார்ந்திருக்கும் ஒரு குழந்தையின் முகம் என்று அடுக்கிவிட்டார் எடிட்டர். பார்க்க வேகமாக இருந்தது. சரி, ஆட்களை இழுக்கும் என்று நானும் விட்டுவிட்டேன். மறுநாள் காலை ஆறு மணிக்குத் தவில்காரர் போன் செய்தார். திட்டவில்லை. "வாத்தியார் இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லையே தம்பி. இதுக்கா எம் பேரு எழுதுனீங்க?" என்றார்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மதியத்துக்குள் டீசரை எடுத்துவிட்டோம். படத்திலும் அந்த மாதிரி மூன்று இடங்கள் இருந்தன, வெட்டினோம். வக்கீல் ஒருவர் ஏற்கெனவே எச்சரித்திருந்தார். மத உணர்வைப் புண்படுத்துவது பற்றி இந்திய தண்டனைச் சட்டத்தில் 1927ல் வந்த பழைய 295ஏ பிரிவுதான் இப்போது புதிய சட்டத்தில் 299 என்று இருக்கிறது. வேண்டுமென்றே, தீய நோக்கத்தோடு செய்தால்தான் குற்றம், உங்கள் படத்தில் அது இல்லை என்று அவர் தைரியம் சொல்லியிருந்தார். ஆனால் நாங்கள் வெட்டியது சட்டத்துக்குப் பயந்து இல்லை. ஒரு பெரிய முதலாளி சொல்லியிருந்தால் தலையீடு என்று சண்டை போட்டிருப்போம். 501 ரூபாய் கொடுத்தவர் சொன்னது நியாயம் என்று இரண்டு பேருக்கும் அந்த நிமிடமே தெரிந்தது. அந்த மூன்று வெட்டுக்கு அப்புறம்தான் அது வாத்தியாரின் படம் ஆனது என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

வெட்டிய இடத்தில் ஒரு கல்யாணக் காட்சி வந்தது. வாத்தியாரின் அப்பா அம்மா தாலியும் மந்திரமும் இல்லாமல் மாலை மாற்றிக்கொண்டவர்கள். அப்படி நடந்த திருமணங்களுக்கு 1967ல் அண்ணா ஆட்சியில் வந்த திருத்தம்தான், முன்பு நடந்தவற்றையும் சேர்த்து, சட்டத் தகுதி கொடுத்தது. "எங்கம்மாவுக்கு நடந்தது கல்யாணம்னு சர்க்கார் ஒத்துக்கிட்டப்ப நான் பள்ளிக்கூடத்துப் பையன்" என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார். அந்த மௌனத்தை முதலில் பத்து விநாடி வெட்டியிருந்தோம். முழுசாகத் திரும்ப வைத்தோம்.

சென்சார் சான்றிதழ் வாங்கி, தை மாதம் முதல் திரையிடல். களத்துமேட்டில் வெள்ளை வேட்டி கட்டி, வாடகை புரொஜெக்டரில் போட்டோம். தவில்காரர் முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் எதுவும் சொல்லாமல் என் பக்கம் வந்து, நோட்டைக் கேட்டு வாங்கி, தன் பெயர் இருக்கிற பக்கத்தைத் தேடிப் பார்த்தார். பேனா வாங்கி அதன் எதிரே ஒரு டிக் போட்டார். மொய் திரும்பி வந்தால் அப்படித்தான் போடுவார்களாம்.

இன்னும் பதினாலு ஊர் பாக்கி. தாளடி நெல் அறுவடை முடிந்து வயல் காய்ந்தால்தான் வண்டி உள்ளே போகும். புரொஜெக்டர்காரரிடம் மாசி மாதத்துக்கு நாலு நாள் சொல்லி வைத்திருக்கிறேன்.